முழங்காலுக்குக் கீழே ஒரு ஊசி

சின்னுசாமிக்கு வலி வலது தோளில். அக்குபங்சர் டாக்டர் கமலவேணி ஊசி வைத்ததோ காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுமத்தியில்.

"தோளு வலிக்குக் காலுல ஊசியா? நல்ல கூத்துங்க," என்று சிரித்தார் மருதாசலம்.

போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு அவர் மேனேஜர். திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்குச் சின்னுசாமியை ஜீப்பில் கூட்டி வந்தவரும் அவர்தான். மறுநாள் வண்டி ஒரிசாவுக்குக் கிளம்புகிறது. திரும்ப எட்டு மாதமாகும். துளை போடும் இரும்பு ராடைத் தூக்கி மாட்டுகிற சின்னுசாமியின் கை தேறுமா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போகத்தான் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். தேறாவிட்டால் அந்த இடத்துக்கு, அதே வண்டியில் கூட வேலை செய்யும் சின்னராஜ்.

"உடம்புல சக்தி ஓடற தடம் இருக்குது, அது அடைச்சா வலின்னு சீனாக்காரங்க சொல்றாங்க," என்றார் டாக்டர். "நரம்பத் தூண்டினா உடம்பே வலிக்கு மருந்து சுரந்துக்குதுன்னு இப்ப ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. காலுல குத்தினா தோள் இளகறத நானே பாத்திருக்கேன்." பிறகு சின்னுசாமியிடம், "ஊசி சரியான எடத்துல சேர்ந்ததும் பாரமா, மதமதன்னு இழுக்கும். வந்ததும் சொல்லிரணும். காலைல சாப்பிட்டீங்கல்ல?"

"சாப்பிட்டனுங்க."

பொய். அவன் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மஞ்சக்காமாலைக்குத் தழை அரைத்துக் கொடுத்தாலும் சரி, எதுவானாலும் சரி, குளித்துவிட்டு வெறும் வயிற்றில் போனால்தான் மருந்து பிடிக்கும் என்பது அவன் வீட்டு வழக்கம். ஊசியையும் அதில் சேர்த்துக்கொண்டான். இல்லையென்று சொன்னால், போய்த் தின்றுவிட்டு வா என்பார் டாக்டர். மருதாசலம் அதுவரை காத்திருக்க மாட்டார்.

டாக்டர் ஊசியை விரல்நுனியில் திருகினார். "கைய மெல்லத் தூக்குங்க. கால்ல ஏதாச்சும் தெரியுதா?"

தெரிந்தது. முழங்காலிலிருந்து பாதம்வரை ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் கனம் இறங்கியது. நாற்காலி கிறீச்சிட, மருதாசலம் முன்னால் சாய்ந்தார். காலிலும் கோளாறு என்று அவர் நினைத்துவிட்டால் வேலை போச்சு.

"ஒன்னியும் இல்லீங்க."

இன்னும் கொஞ்சம் ஆழம். இன்னும் ஒரு திருகல். "இப்ப?"

"இல்லீங்க."

"இரும்புங்க அவன்! வலின்னா என்னன்னே தெரியாது," என்றார் மருதாசலம்.

கை தோள்மட்டம்வரை நோகாமல் வந்தது. அது நிஜம். ஒரு மாதமாக வராதது. அதற்கு மேலே போனதும் தோளுக்குள் கத்தி திரும்பியது. பல்லைக் கடித்துக் காதுவரை கொண்டுபோனான். உதட்டுக்கு மேல் வேர்த்தது. சுவரில் இருந்த காலண்டர் மங்கியது. டாக்டர் ஏதோ கத்தினார்.

கண் திறந்தபோது தரையில் கிடந்தான். ஊசி காலில் இல்லை. மருதாசலம் அவன் காலிரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினார்.

"நெசமாச் சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. வெறும் வகுறா இருந்தாத்தான் கேக்கும்னு..."

"வெறும் வயித்துல இது ஆளையே சாய்ச்சுரும். அந்தக் கனமும் வந்துச்சுதானே? வந்ததை மறைச்சா நான் எங்கன்னு நிறுத்தறது?"

அவன் மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தான்.

"ஒரு பத்துத் தடவை வரணும். அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது," என்றார் டாக்டர்.

மருதாசலம் காலை இறக்கினார். "ஏங்கம்மணி, பட்டினியில மயக்கம் வாரதுதான? கை காதுவரைக்கும் போச்சே, நான் பாத்தனே. டேய் சின்னு, நீ சொல்லு. தூக்கறப்ப வலிச்சுதா இல்லியா?"

'இல்லீங்க' என்ற ஒரு வார்த்தை போதும். ஊசி ஏறியதிலிருந்து சொல்லி வந்த அதே வார்த்தை.

போன மாதம் எடப்பாடியில் போர் போடும்போது அவன் கை பாதியில் விட்டுப்போய் ராடு சரிந்தது. கீழே நின்ற சின்னராஜின் தலைக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கிரீஸ் வழுக்கிவிட்டது என்று எல்லோரையும் நம்பவைத்திருந்தான். ஒரிசாவில் அந்த ஒரு சாணும் இல்லாமல் போகலாம்.

"வலிச்சுதுங்கண்ணா. தோளுக்கு மேல கை நிக்காதுங்க. எடப்பாடியில ராடு உழுந்ததும் அதனாலதானுங்க."

மருதாசலம் அவனை உற்றுப் பார்த்தார். வைவார் என்று நினைத்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்னடா?"

ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பிப் போன சத்தம் கேட்டது. எட்டு மாதம் வேலை இல்லை. டாக்டர் உள்ளே பார்த்து, யாரிடமோ நாலு இட்லி வாங்கி வரச் சொன்னார். சின்னுசாமி சுவரில் சாய்ந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு முனகினான்.