பெயிண்ட் அறையில் கடாவும் காளையும்

டர்பின்காரனுக்கும் வேக்கர்காரனுக்கும் ஆகவே ஆகாது. ஆனாலும் தனித்தனியாகத் தொழிற்பள்ளி நடத்த இரண்டு ஊருக்கும் வக்கில்லை. அதனால் ஒஹாயோவின் சோளக்காட்டு நடுவே ஒன்றைக் கட்டி, இரண்டு ஊர்ப் பள்ளி வாரியங்களும் முறைத்துக்கொண்டே கூட்டுக் குடித்தனம் நடத்தின.

அங்கே காருக்குப் பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொடுப்பவள் நார்மா கெஸிங்கர். அந்தப் பிரிவை மூடுவதா என்று அன்று சாயங்காலம் ஓட்டெடுப்பு. அதற்கு முன் வாரியத் தலைவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். வேலை போனால் போகட்டும் என்றாலும், அந்தப் பிள்ளைகளை விட்டுப் போக நார்மாவுக்கு மனசு வரவில்லை.

பெயிண்ட் அறைக் கதவைத் திறந்தவள், "அடப் பாவிகளா!" என்று அலறினாள்.

வேக்கர் மைதான வாசலில் நிற்க வேண்டிய சிவப்பு ஃபைபர் காளை, நீலமாகி நின்றது. பக்கத்தில் டர்பின் மைதானத்து நீல ஆட்டுக்கடா, பளபளவென்று சிவப்பில். வெள்ளிக்கிழமை இரண்டு ஊருக்கும் ஃபுட்பால் ஆட்டம். அதற்கு முன் எதிரி ஊர்ச் சிலையைக் கடத்தித் தன் ஊர் நிறம் பூசுவது பாட்டன் காலத்து வழக்கம். இந்த வருஷம் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் கைவரிசையைக் காட்டிவிட்டார்கள். பூசுவதற்கோ வட்டாரத்திலேயே இந்த ஒரு அறைதான்.

"அடிச்சுக்கலையா நீங்க?" என்று உள்ளே நின்ற பிள்ளைகளைக் கேட்டாள் நார்மா.

"எதுக்கு மிஸ்? முறை வச்சுத்தான் அடிச்சோம்" என்றாள் ஒரு டர்பின் பெண். "காளை ஆடாம இருக்க இந்த வேக்கர் பசங்கதான் கொம்பப் புடிச்சுக்கிட்டாங்க."

நார்மா தலையில் கைவைப்பதற்குள் தலைவர்கள் வந்துவிட்டார்கள். டர்பின் தலைவர் கிளைட் ஹேவர்ட்டியின் முகம் கடாவைவிடச் சிவந்தது. "எங்க கடாவ எவன் தொட்டான்?"

"என் காளைய என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?" என்று பாய்ந்தார் வேக்கர் தலைவர் லைல் ப்ரூயிட்.

தொலைந்தோம் என்று நினைத்தாள் நார்மா.

அப்போதுதான் கிளைட் காளையை நன்றாகப் பார்த்தார். குனிந்து வயிற்றுக்கு அடியிலும் பார்த்தார். "ஒரு சொட்டு வழியலையேம்மா! நான் படிக்கறப்ப சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட விளக்குமாத்தால பூசுனோம். மழையில எல்லாம் போச்சு."

"அந்த அசிங்கம் உன் வேலைதானா?" என்றார் லைல். ஆனாலும் அவர் பக்கம் திரும்பவில்லை; சிவப்புக் கடாவின் முதுகில் தன் முகம் தெரிய, மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலக் கூட்டத்தில் கிளைட் எழுந்து, "பிள்ளைங்க படிப்புதான் முக்கியம்" என்று தொண்டையைச் செருமினார். லைல் ஆமாம் போட்டார். பிரிவை மூடக் கூடாது என்று அத்தனை கையும் உயர்ந்தது. இந்த இரண்டு ஊரும் எதிலாவது ஒத்துப்போய் நார்மா பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரொம்ப நன்றிங்க. ஆனா அறை சின்னது. ரெண்டையும் ஒண்ணா நிறுத்தினா பிள்ளைங்க மூச்சு முட்டிப்போவுதுங்க. அடுத்த வருஷம் ஒண்ணுக்குத்தான் இடம். கடாவா, காளையான்னு நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க."

அவள் உட்காருவதற்குள், அறையைப் பெரிதாகக் கட்டித்தர அத்தனை கையும் மறுபடி உயர்ந்திருந்தது.