ஜெபச் சங்கிலி எட்டாத இடம்

மனைவி ஷெர்லினின் போனைப் போதகரின் மேசைமேல் வைத்துவிட்டு தர்மராஜ் நின்றான். அது அடிக்கடி அதிர்ந்து, மேசை விளிம்பை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"பால் வாங்கப் போறேன்னுதான் போனா, ஐயா. ரொம்ப நேரமாச்சேன்னு உள்ள போய்ப் பாத்தா, தலையணைக்குக் கீழ இது இருக்கு. பக்கத்துல கல்யாண மோதிரம்."

போதகர் ஸ்டீபன்ராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஏன் போனாள் என்று அவர் கேட்கவில்லை. காரணம் அவருக்குத் தெரியும். அவரேதான் காரணம்.

பொன்மலை சபைக்கு வந்த புதிதில் அவர் ஏற்படுத்திய ஏற்பாடுதான் ஜெபச் சங்கிலி. அது வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. யாருக்காவது அவசரமாக ஜெபம் தேவைப்பட்டால் போதகர் மூன்று பேரைப் போனில் அழைத்துச் சொல்வார். அந்த மூவரும் ஆளுக்கு மூன்று பேரிடம் சொல்வார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் மூன்று பேரிடம். யார் யாரை அழைக்க வேண்டும் என்பது முன்பே முடிவானது. கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, தன்னோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. கடைசிக் கண்ணியில் இருப்பவர்கள் போதகரைத் திரும்ப அழைத்து "ஆமென்" என்பார்கள். அந்த ஆமென்கள் வந்து சேர்ந்துவிட்டால் சபை முழுவதும் முழங்காலில் நிற்கிறது என்று அர்த்தம். வாட்ஸப் குழுவில் போட்டால் பார்க்காமல் விடுகிறவர்கள் உண்டு; மனிதக் குரல் கேட்டால் விட முடியாது. ஒருமுறை அறுவை சிகிச்சைக்கு ரத்தம் வேண்டியிருந்தபோது, அவர் ஆஸ்பத்திரிப் படியேறி முடிப்பதற்குள் திருவெறும்பூரிலிருந்து நான்கு பேர் பைக்கில் வந்து நின்றார்கள். மற்ற ஊர்ப் போதகர்கள் கேட்டால் காகிதத்தில் படம் போட்டே விளக்குவார், அவ்வளவு பெருமை அவருக்கு.

போன வாரம் தர்மராஜ் ஆலயத்தின் பின்னறையில் உட்கார்ந்து அழுதான். ஷெர்லினுக்கு மூன்றாவது முறையாகவும் கரு கலைந்துவிட்டது. முதலாவதைத் தவிர மற்ற இரண்டும் அவன் அம்மாவுக்கே தெரியாது. போதகருக்கு மனம் தாங்கவில்லை. அன்று மாலையே சங்கிலியைத் தொடங்கினார். பெயர் சொல்லாமல்தான். "ரயில்வே குவார்ட்டர்ஸில், மூன்றாம் முறையாகக் கருவை இழந்து தவிக்கும் ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்." பெயரை எடுத்துவிட்டால் ஆளையும் எடுத்துவிட்டதாக அவர் நினைத்தார். ஒரு சபைக்குள் ஒருவரை அடையாளம் காட்டப் பெயர் தேவையில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ், பிள்ளையில்லாத பெண், அந்த ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை: இது போதும்.

மறுநாளே வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒருத்தி ஜெப எண்ணெய் கொண்டுவந்தாள். ஒருத்தி, பரம்பரையில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தாள். எல்லாரும் போன பிறகு மாமியார் வாசலில் நின்று, "மூணா? எனக்கு ஒண்ணுதானே தெரியும்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஷெர்லின் எதற்குமே பதில் சொல்லவில்லை.

தர்மராஜ் அதையெல்லாம் சொல்லிவிட்டு, இன்னும் ஒன்றைச் சொல்லத் தயங்கினான். பிறகு சொன்னான்.

"அவளும் சங்கிலில இருக்கா, ஐயா. அவளுக்கும் போன் வந்துச்சு."

போதகர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுப்படில நின்னு கேட்டுக்கிட்டா. வச்சுட்டு, அவ சொல்ல வேண்டிய மூணு பேருக்கும் ஒவ்வொருத்தரா போன் போட்டுச் சொன்னா. ஒரு வார்த்தை மாத்தாம சொன்னா. எனக்கு அப்ப புரியல. வேற யாருக்கோன்னு நெனச்சேன்."

வெளியே செயலாளர் அருளானந்தத்தின் வண்டி வந்து நின்றது. தர்மராஜின் அம்மா அவருக்குத் தகவல் சொல்லியிருந்தாள். உள்ளே நுழைந்ததுமே அவர் சொன்னார், சங்கிலியைத் தொடங்கிவிடலாம், இத்தனை குடும்பமும் தெருவில் இறங்கினால் அரை மணி நேரத்தில் ஷெர்லினைக் கண்டுபிடித்துவிடலாம். அவர் சொன்னதில் பொய் இல்லை. போதகரின் கை தானாகவே அங்கிப் பைக்குள் இருந்த போனைத் தொட்டது.

"வேணாம்," என்றான் தர்மராஜ். "அவளைக் கண்டுபிடிக்கிற ஆளு முதல்ல என்ன சொல்லுவாங்க? உனக்காகத்தாம்மா ஊரே ஜெபம் பண்ணுதுன்னு சொல்லுவாங்க. அதக் கேட்டா அவ இன்னும் தூரமா போயிருவா."

"உயிர் முக்கியமா, மானம் முக்கியமா, தம்பி?" என்று கேட்டார் அருளானந்தம். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அருளானந்தத்தை அம்மாவுக்குத் துணையாக அனுப்பிவிட்டு, போதகரும் தர்மராஜும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். காவல் நிலையத்தில் அவள் புகைப்படத்தை வாங்கிக்கொண்டு, மற்ற நிலையங்களுக்கும் சொல்வதாகச் சொன்னார்கள். பொன்மலை ரயில் ஸ்டேஷன், சந்தை, அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடம், தில்லை நகரில் அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரி. எங்கேயும் இல்லை. எங்கே போனாலும் தர்மராஜ் முதலில் கிணறு இருக்கிறதா என்று பார்த்தான். அவன் எதைத் தேடுகிறான் என்பது தெரிந்ததும் போதகரும் அப்படியே பார்க்கத் தொடங்கினார்.

மதியத்துக்கு மேல் காவிரிப் பாலத்துக்கு வந்தார்கள். மேட்டூர் அணை திறந்து ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் வண்டிகள் நின்றிருந்தன. கைப்பிடிச் சுவரோரம் ஒரு கூட்டம் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னமோ போகுது பாருங்க. பொம்பளை மாதிரி இருக்கு," என்றான் ஒருவன்.

ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே தர்மராஜ் குதித்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்தான். போதகர் ஓடிப்போய் அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்தார். தண்ணீரில் ஊதா நிறத்தில் ஏதோ ஒன்று சுழன்று, அமிழ்ந்து, மறுபடி எழுந்தது. தூணில் மோதியதும் அவிழ்ந்து விரிந்தது. யாரோ ஆற்றில் விட்ட பழந்துணி மூட்டை.

கூட்டம் கலைந்தது. தர்மராஜ் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

போதகரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஜெபிக்க முயன்றார், வார்த்தை வரவில்லை. போனை எடுத்தார். சங்கிலியின் முதல் பெயரைத் தேடி எடுத்து அதன்மேல் விரலை வைத்திருந்தார். தர்மராஜ் நிமிர்ந்து அதைப் பார்த்தான். இந்த முறை வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

விரலை அழுத்தும் முன், பழக்கத்தால், இது யார் வழியாக எங்கே போகும் என்று அவர் மனம் ஓட்டிப் பார்த்தது. முதல் கிளை பொன்மலைக்குள்ளேயே சுற்றும். இரண்டாவது திருவெறும்பூர்த் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் போகும். மூன்றாவது தில்லை நகர். அவ்வளவுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், அதற்கு ஒரு கண்ணிகூடக் கிடையாது.

சங்கிலியின் இந்தப் படம் அவருக்கு மட்டுமா தெரியும்? ஷெர்லினுக்கும் தெரியும். அவளும் அதில் ஒரு கண்ணி. ஒளிய நினைக்கிறவள் அது எட்டாத இடமாகத்தானே பார்த்துப் போவாள்?

"ஸ்ரீரங்கத்துல அவளுக்கு யாரைத் தெரியும்?"

யாரையும் தெரியாது என்றான் தர்மராஜ். கொஞ்சம் கழித்து நிமிர்ந்தான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் மலர்க்கொடி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அதே வாரத்தில் பிள்ளை தங்கவில்லை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறை அருகே கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதாகக்கூட அவனுக்கு நினைவில்லை.

படித்துறைக்குப் போகும் சாலையில் இரண்டு கடைகளில் விசாரித்ததும் கை காட்டினார்கள். காலமானவர்களுக்குத் தண்ணீர் விட வருகிறவர்களுக்கான எள், தர்ப்பை, வாழைக்காய், வெற்றிலை எல்லாம் வைத்த சின்னக் கடை. பின்பக்கம் ஒரு துணி மறைப்பு. வியாபாரம் மும்முரமாக இருந்தது. கல்லாவில் இருந்த பெண் தர்மராஜைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். உடனே எழுந்து மறைப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

"உள்ள இருக்கா," என்றாள். "உசிரோடதான் இருக்கா. உக்காருங்க மொதல்ல."

தர்மராஜ் தேங்காய் மூட்டைமேல் விழுவதுபோல உட்கார்ந்தான்.

மலர்க்கொடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். காலையில் படித்துறையில், இடுப்பளவு தண்ணீரில், ஒரு பெண் ரொம்ப நேரமாக நிற்பதைப் பார்த்திருக்கிறாள். குளிக்கிறவர்கள் முங்குவார்கள், எழுவார்கள். இவள் நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்தில் புரோகிதர் மந்திரம் சொல்லச் சொல்ல ஆட்கள் தங்கள் அப்பா பெயரும் தாத்தா பெயரும் சொல்லித் தண்ணீர் விடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டே போனபோதுதான் யாரென்று தெரிந்தது.

"கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். என்ன ஏதுன்னு நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா எங்க நானும் அழுதுருவேனோன்னு பயம். எள்ளு பொட்டலம் மடிக்கச் சொல்லிக் குடுத்தேன், மடிச்சுக்கிட்டே இருக்கா." பிறகு போதகரின் வெள்ளை அங்கியைப் பார்த்தாள். "நீங்க யாரு, சார்?"

அவர் பதில் சொல்லும் முன் மறைப்பு விலகியது. ஷெர்லின் வேறு யாருடைய புடவையிலோ தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பழைய செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள். கணவனைப் பார்த்தாள், பார்வை அங்கே நிற்கவில்லை. போதகரிடம் வந்து நின்றது.

போதகரின் வாய் திறந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம், துயரப்படுகிறவர்கள் முன்னால் நின்றால் தானாகத் திறக்கும் வாய்.

"ஐயா, எனக்காக ஜெபம் பண்ணாதீங்க," என்றாள் ஷெர்லின்.

அவர் வாயை மூடிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, மறைப்புக்கு வெளியிலேயே, ஈரச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். எள் வாங்க வந்த ஒருவர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

அவள் இன்னும் இரண்டு பொட்டலம் மடித்தாள். பிறகு, தலை நிமிராமல் கேட்டாள்.

"மூணுன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"அதுல ஒண்ணுக்குப் பேர் வச்சிருந்தேன். அதையும் சொல்லிட்டீங்களா?"

போதகர் தர்மராஜைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்ததும், அவனுக்கும் இது புதிது என்று தெரிந்தது.

"இல்லம்மா. எனக்குத் தெரியாது."

"அப்ப யாருக்கும் தெரியாது," என்றாள். அவள் தோள்கள் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கின. ஆனால் அழவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. தர்மராஜ் தவழ்ந்து உள்ளே போய், அவளைத் தொடாமல், ஒரு தாளை எடுத்து அவள் மடிப்பதைப் பார்த்துப் பார்த்து மடிக்க முயன்றான். எள் கொட்டியது.

போதகரின் போன் அடித்தது. அருளானந்தம். எடுத்து, ஆள் பத்திரம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மறுமுனையில் ஒரு ஸ்தோத்திரமும் விம்மலும் கேட்டன. அவள் எங்கே இருக்கிறாள், என்ன ஆயிற்று, சபைக்கு என்னவென்று சொல்வது என்று அருளானந்தம் அடுக்கிக் கேட்டார்.

"சங்கிலில இனி ஒண்ணும் போகாது, அண்ணே. அதை நிறுத்தியாச்சு. யாரு கேட்டாலும் எங்கிட்ட வரச் சொல்லுங்க. மூணுன்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான்னு நானே சொல்றேன்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். தெருவில் ஆட்கள் ஆற்றுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். உள்ளே தாள் மடியும் சத்தம் கேட்டது. அது நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் காதைக் கொடுத்தபடி அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.