கைடுக்கா பஞ்சம்?

தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டி மூன்று வருடம் கழித்து, எம்.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு நெல்லியாளத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிஎச்.டி. சேர ஆசை. அதற்கு முதலில் ஒரு பேராசிரியர் நம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏழெட்டுப் பேருக்கு எழுதிப் பார்த்தேன். 'இடம் இல்லை' என்று பதில் போட்டவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள் அதுகூடப் போடவில்லை. ஜூனுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அக்காவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தேன். நினைத்தாலே எரிச்சலாக வந்தது.

"கைடு கிடைக்கலைப்பா," என்று ஒருநாள் அப்பாவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதுக்கா இத்தன நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த? முன்னாடியே சொல்றதில்ல?"

மறுநாள் முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனவர், சாயங்காலம் என் சித்தப்பா பொன்னுத்துரையைக் கையோடு கூட்டிவந்தார். ஃபேக்டரியைப் பூட்டியதும் சித்தப்பா ஊட்டிக்குப் போய், டூரிஸ்டுகளுக்குச் சுற்றிக் காட்டும் கைடு ஆகியிருந்தார்.

"எங்க போகோணும், சொல்லு கண்ணு. தொட்டபெட்டா, பைக்காரா, எல்லாம் காட்டறேன்," என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரையும் கைடு என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினேன். அப்பா தலையைச் சொறிந்தார். சித்தப்பா அசரவில்லை.

"வாத்தியாருங்கதானே? சீசனுக்குப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு டூர் வருவாங்கல்ல?"

அன்றிலிருந்து மனுஷன் தன்னிடம் வந்த கூட்டத்தையெல்லாம், பூங்காவுக்குள் நுழையும் முன்பே, "உங்கள்ல யாராச்சும் பிஎச்.டி. கைடுங்களா?" என்று கேட்டிருக்கிறார். தேனிலவுக்கு வந்த ஜோடிகளையும் விடவில்லையாம்.

மே கடைசியில் ஆள் சிக்கியது. மாணவர்களோடு வந்திருந்த தாவரவியல் பேராசிரியர் தனபாக்கியம். "ஆமா, ஏன்?" என்று கேட்டதுதான் அவர் செய்த தப்பு. மறுநாள் வயநாட்டுக்குக் கிளம்பிய அவர்களுடைய பஸ்ஸில் தானும் ஏறி, வழியில் எங்கள் வீட்டு வாசலுக்கே திருப்பிவிட்டார் சித்தப்பா.

"எதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு நினைக்கிற?" என்று கேட்டார் பேராசிரியர்.

அவரை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனேன். கொழுந்து எடுக்க ஆளில்லாத தேயிலைச் செடிகள் என் உயரத்தையும் தாண்டி வளர்ந்து பூத்திருந்தன.

"வெட்டாம விட்டா இது மரமாயிடுதுங்க, மேடம். அடியில பாருங்க, காட்டுச் செடிங்க திரும்பி வருது. எது முதல்ல வருது, ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கோணும்."

அவர் குனிந்து செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். பஸ் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் நிமிரவில்லை. கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் வந்துடு. நான் கையெழுத்துப் போடறேன்."

சந்தோஷத்தில் நான் கும்பிடக்கூட மறந்துவிட்டேன். அப்பாதான் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டார்.

பஸ்ஸில் ஏறும்போது, ஊட்டியைச் சுற்றிக் காட்டியதற்காகப் பேராசிரியர் சித்தப்பாவிடம் பணத்தை நீட்டினார். சித்தப்பா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ, வேண்டாங்க மேடம். கைடுகிட்ட கைடு காசு வாங்கறதில்லைங்க."