லக்ஷ்மிபாய் நகர் உப்பளம்

எங்கள் வீட்டுக்காரர் டெல்லியில் தென்னை வளர்த்த கதையை அவரே சொன்னால் தப்பெல்லாம் தென்னை மேல் வந்து விடியும். அதனால் நான் சொல்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம். லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்குக் கீழ்த்தள குவார்ட்டர்ஸ். அவர் பெயர் மாணிக்கவாசகம், அமைச்சகத்தில் கிளார்க். இரண்டு பேருக்கும் ஊர் வேதாரண்யம். வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண் இருந்தது. அதன் நடுவில் என் கறிவேப்பிலை நின்றது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் டால்டா டப்பாவில் வைத்து, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் ஊரிலிருந்து கொண்டுவந்த செடி. மே மாசத்து அனல்காற்றுக்கு ஈரச் சாக்கு சுற்றினேன். ஜனவரிக் குளிருக்கு அவருடைய ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். அவர் நடுங்கிக்கொண்டே ஆபீஸ் போனார். ஆபீஸில் ஹீட்டர் இருக்கிறது, செடிக்கு யார் இருக்கிறார்கள்? வாராவாரம் புளித்த மோர் வேறு. அது இரண்டு ஆள் உயரம் வளர்ந்துவிட்டது.

அக்கம்பக்கத்தில் வேறு கறிவேப்பிலை கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் பின்கேட்டில் தமிழ்க் குடும்பமெல்லாம் வந்து நிற்கும். டெபுடி செக்ரட்டரி சம்சாரம்கூட பியூன் சம்சாரத்துக்குப் பின்னால் நின்று, "வடிவு, ரெண்டு கொத்து" என்று குழைவாள். நான் எட்டாவதோடு நின்றவள். அந்த ஊரில் எனக்கு இருந்த மரியாதை பூராவும் அந்தச் செடி கொடுத்தது. அதை நான் நன்றாக அனுபவித்தேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை.

மாடி வீட்டு அனந்தலக்ஷ்மி மாமிக்கு மட்டும் பழுத்த இலையாகப் பொறுக்கிக் கொடுப்பேன். பின்னே? நான் கருவாடு வறுத்தால் போதும், பால்கனியில் ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி என் தலைக்கு நேரே செருகி வைக்கிற மனுஷி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் வடிவு, செடியடியில கன்னு முளைச்சிருக்கே, ஒண்ணு குடேன். தொட்டியில வச்சுக்கறேன்."

"வேர் பிடிக்காது மாமி," என்றேன். பச்சைப் பொய். மறுநாளே எல்லாக் கன்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

அந்த மார்ச்சில் ஊருக்குப் போன இவர், ஜி.டி. எக்ஸ்பிரஸில் கக்கூஸ் வாசலில் நின்றபடியே ஒரு தென்னம்பிள்ளையோடு வந்து இறங்கினார். கறிவேப்பிலையிலிருந்து நாலடி தள்ளிக் குழி வெட்டினார்.

"ஏங்க, இந்த ஊர்ல தென்னை வருமா?"

"உப்பு போட்டா எங்கேயும் வரும்," என்றார்.

எங்கள் ஊரில் தென்னங்குழிக்கு உப்பு போடாமல் யாரும் கன்று வைப்பதில்லை. அங்கே மணல் பூமி, ஐப்பசி மழை ஒரு வாரம் அடித்தால் போட்ட உப்பு போன இடம் தெரியாது. இங்கே களிமண்ணும் வெயிலும்தான். ஆனால் அந்த யோசனை எங்களில் யாருக்கு வந்தது? கரோல் பாக் போய் ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கினார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊறுகாய் என்று கடைக்காரர் ஹிந்தியில் கேட்டாராம். குழியில் பாதி மூட்டை போயிற்று. மீதி ஞாயிற்றுக்கிழமைதோறும் வாளித் தண்ணீரில் கரைந்து போயிற்று.

"அதுக்குக் கடல் பக்கத்துல இருக்கிற மாதிரி தோணணும்டி," என்றார். கடல் ஆயிரம் மைல். இவர் வாளியோடு நின்றார்.

மே மாசம் என் கறிவேப்பிலையின் இலை நுனி கருகிற்று. ஜூனில் கொட்ட ஆரம்பித்தது. எனக்குச் சந்தேகமே இல்லை, மாடி வீட்டுக் கண்தான். மிளகாய் சுற்றிப் போட்டேன். பழைய செருப்பைக் கிளையில் கட்டினேன். மோரைச் சொம்பு சொம்பாக ஊற்றினேன்.

"செடி வாடறதே வடிவு, என்ன ஆச்சு?" என்று மாமி மேலிருந்து கேட்டாள்.

"கேக்கிறவங்க கேக்காம இருந்தா சரியாயிடும்," என்றேன்.

ஒருநாள் காலையில் கொல்லையைப் பார்த்தேன். மண் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. இவர் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் செத்துப்போயிற்று.

"உப்புடி."

"அடப்பாவி மனுஷா! உங்கப்பா உப்பளத்துல மேஸ்திரி. பாத்தி கட்டித் தண்ணி விட்டு வெயில்ல காயவிட்டா உப்பு விளையும்னு உமக்குத் தெரியாதா? என் செடியைக் கொன்னுட்டீரே!"

நான் அழுது தீர்த்தேன், இரண்டு நாள் சோறு ஆக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. தென்னை வாடினாற்போல் தெரிந்தபோதெல்லாம் கருவாடு அலசிய தண்ணீரை அதன் தூரில் கொட்டியவள் நான்தான். பாவம், அதற்கும் ஊர் ஞாபகம் இருக்கட்டுமே என்று.

வாளி வாளியாக நல்ல தண்ணீர் விட்டும் பலிக்கவில்லை. ஆகஸ்டில் கறிவேப்பிலை விறகாகிவிட்டது. கருவாட்டுத் தண்ணீர் குடித்த தென்னையோ ஜம்மென்று நின்றது. வெள்ளிக்கிழமைகளில் பின்கேட்டுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. டெபுடி செக்ரட்டரி சம்சாரம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மாடிப்படியில் வரிசையாகச் செருப்புச் சத்தம். ஏறிப் போய்ப் பார்த்தேன். மாமியின் பால்கனியில் மூன்று தொட்டி. மூன்றிலும் இடுப்பு உயரத்துக்குக் கறிவேப்பிலை, பளபளவென்று.

"வா வடிவு," என்றாள் மாமி. "உன் செடியில புல்புல் குருவி பழம் தின்னுட்டு என் பால்கனியில கொட்டை போட்டுது. மூணு வருஷம் முன்னாடி பொறுக்கி நட்டேன். இப்பத்தான் பறிக்கற மாதிரி ஆச்சு."

கேட்காமலேயே ஒரு கொத்து ஒடித்துக் கையில் வைத்தாள். இளம் கொத்து, ஒரு பழுப்பு இலைகூட இல்லை. பழுப்பாகக் கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"மாமி... ஒரு கன்னு..."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"வேர் பிடிக்காது வடிவு. நீதானே சொன்னே? வெள்ளிக்கிழமை வா, கொத்து தரேன். சித்த ஜல்தி வா, கூட்டம் இருக்கும்."

இறங்கி வந்தேன். இவர் கொல்லையில் தென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். கறிவேப்பிலை எங்கே கிடைத்தது என்று கேட்டார். நான் குழம்புக்குத் தாளித்தேன். வாசனை வீடு பூராவும் அடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சீக்கிரமாகத்தான் போனேன். எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள்.