கீழே காலியா?

காலை ஆறே முக்கால் மணிக்குக் கட்டுமானத் தளத்தின் வாயிலருகே, பலகைத் துண்டுகள் எரிந்துகொண்டிருந்த தகரப் பீப்பாயைச் சுற்றி மூவரும் நின்றிருந்தனர். கிரேன் ஆபரேட்டர், அவருக்குத் தரையிலிருந்து சைகை கொடுக்கும் விசில், அவ்விருவருக்கும் பத்து வயது இளையவனான வெல்டர். விசில் என்பது பெயரன்று; வாக்கிடாக்கி வருவதற்கு முந்தைய காலத்தில் ஊதலை வாயிலிருந்து எடுக்காமலே வாழ்ந்ததனால் ஒட்டிக்கொண்ட பட்டம். மூவர் கையிலும் தேநீர்க் குவளைகள். மூன்று குவளைகளும் நடுங்கின.

"நம்ம கை ஆடுறதப் பாத்தா, மூணு பேரும் சேந்து ஏதோ திருடிட்டு வந்த மாதிரி இருக்குண்ணே" என்றான் வெல்டர்.

"நீ திருடற மூஞ்சி இல்ல. திருடிட்டு மாட்டிக்கிற மூஞ்சி" என்றார் விசில்.

ஆபரேட்டரும் சிரித்தார். அவரது குவளை மட்டும் குளிரினால் நடுங்கவில்லை என்பதை அந்த இருவரும் அறியார். குளிர்காலம் அவருக்கு வாய்த்த மறைவிடம். ஊரே நடுங்கும்போது ஒருவனது நடுக்கத்தை எவர் கணக்கில் கொள்வார்? அவர் முகத்தைத் திருப்பி, உள்ளங்கையில் ஒளித்திருந்த மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினார். இன்னும் நாற்பது நிமிடங்களில் கை கல்லைப்போல் நின்றுவிடும். அதற்குள் ஏணி ஏறி முடித்திருப்பார்.

ஆறு மாதங்களுக்கு முன்பு மருத்துவர் அவரை எதிரே உட்கார்த்திப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருந்தார். "மூளையில டோபமின்னு ஒண்ணு சுரக்கும். உங்களுக்கு அது கொறஞ்சிக்கிட்டே வருது. அதான் கை ஆடுது. இந்த மாத்திரை அத ஈடுகட்டும். ஆனா சில பேருக்கு, இல்லாத ஆளக்கூட இருக்கிற மாதிரி மூளை காட்டும். அப்படி எதாவது தெரிஞ்சா மறைக்காம வந்து சொல்லுங்க. மாத்திரையக் கொறச்சிப் பாக்கலாம்." அன்று அந்தக் கடைசி வாக்கியம் ஆறுதலாக ஒலித்தது. இன்று அதுவே மிரட்டலாகிவிட்டது. மாத்திரையைக் குறைத்தால் கை ஆடும். ஆடும் கை கிரேனில் இருக்கக் கூடாது. குறைக்காவிட்டால் கண் பொய் சொல்லும். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அந்த எறும்பு எந்தப் பக்கம் ஓடிற்று என்று எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை.

முதன்முதலாக அந்த ஆள் தோன்றியது மூன்று வாரங்களுக்கு முன்பு. சாம்பல் நிறப் போர்வை போர்த்தி, கொக்கி இறங்கும் இடத்திற்கு நேர் கீழே, இரு கைகளையும் உயர்த்தி நின்றார். நிறுத்து என்பதற்கான சைகை அது. அதை யார் காட்டினாலும், முன்பின் தெரியாத வழிப்போக்கனே காட்டினாலும், சுமையை நிறுத்தியாக வேண்டும் என்பது கிரேன் தொழிலின் முதல் விதி. ஆபரேட்டர் நிறுத்தினார். "ஏன்டா நிறுத்திட்ட?" என்றது வாக்கிடாக்கி. ஆள் நிற்கிறார் என்றார் இவர். யாருமே இல்லை என்றார் விசில். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோதும் அந்த ஆள் நின்றுகொண்டுதான் இருந்தார்.

பிறகு அது நாள்தோறும் வந்தது. நாற்பது மீட்டர் உயரத்தில், கால்களுக்குக் கீழே கண்ணாடித் தரை மட்டுமே உள்ள கேபினில் தனியே அமர்ந்து, ஆபரேட்டர் தாமாகவே ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்தார். கீழே நடமாடும் மனிதர்கள் அந்தக் குளிரில் ஒரு நொடியும் சும்மா நிற்பதில்லை. காலை மாற்றி மாற்றி வைப்பார்கள், கையைத் தேய்ப்பார்கள், கக்கத்தில் செருகிக்கொள்வார்கள். போர்வைக்காரர் மட்டும் நட்டுவைத்த கம்பம்போல் நிற்பார். அசைந்தால் மனிதன், அசையாவிட்டால் மாத்திரை.

அந்தக் கணக்கு வீட்டில் செல்லவில்லை. பீப்பாயருகே தேநீர் குடித்த அன்று மாலை மாடிப்படியில் ஏறுகையில், எதிரே இறங்கிய ஒருவருக்காகச் சுவரோடு ஒட்டி நின்றார். பின்னால் வந்த மனைவி கேட்டாள்.

"யாருக்குங்க வழி விடுறீங்க?"

"கால் வலிச்சுது. நின்னேன்."

அவள் அதன்பின் படியேறும்போதெல்லாம் அவருக்கு முன்னால் ஏறத் தொடங்கினாள்.

மடியில் கனத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடப்பது? மறுநாள் மதிய உணவு வேளையில், வெல்டர் கை கழுவப் போன சமயம் பார்த்து, ஆபரேட்டர் விசிலிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விசில் தம் டிபன் பெட்டியின் மூடியைக் கையில் எடுத்தார்.

"டாக்டர்கிட்ட சொல்லுடா."

"சொன்னா அன்னிக்கே எறக்கி விட்டுடுவாங்க. இன்னும் ஆறு மாடிதான். முடிச்சிட்டு நானே எறங்கிடறேன்."

"எவன் தலையிலயாவது போட்டுட்டா?"

"அதான் உங்கிட்ட சொல்றேன்."

இருபத்திரண்டு ஆண்டு நட்பு, செய்யக் கூடாததைச் செய்யச் சொல்லி அங்கே அமர்ந்திருந்தது. விசில் மூடியைப் பெட்டியின்மேல் வைத்து அழுத்தினார்.

"கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க. சரி. ஒவ்வொரு தடவையும் எறக்குறதுக்கு முன்னாடி 'கீழ காலியா'ன்னு கேளு. நான் 'காலி'ன்னு சொன்னாத்தான் எறக்கணும். உன் கண்ணுக்குப் பதிலா என் கண்ணு. ஆறு மாடி. அதுக்கு மேல ஒரு செங்கல் தூக்கினாலும் நானே போய்ச் சொல்லிடுவேன்."

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. கீழே காலியா? காலி, எறக்கு. நாளொன்றுக்கு முப்பது முறை, நாற்பது முறை. போர்வைக்காரர் கைகளை உயர்த்தி நிற்க, அவரது தலையின் வழியாகவே ஆபரேட்டர் சுமையை இறக்கினார். ஒவ்வொரு முறையும் கொக்கி தரையைத் தொட்டு, ஆட்கள் வந்து கட்டை அவிழ்க்கும்வரை அவரால் மூச்சுவிட இயலவில்லை. எனினும் மாடிகள் ஏறின. ஆறு நான்காயிற்று; நான்கு இரண்டாயிற்று.

ஏற்பாடு தொடங்கிய மூன்றாம் வாரக் கடைசியில் ஒருநாள், பனி விலகவே பதினொரு மணியாயிற்று. நண்பகலில், இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஒரு பாய் அகலத்திற்கு வெயில் விழுந்தது. ஆபரேட்டர் ஒரு டன் கம்பிக் கட்டைச் சுழற்றிக் கொண்டுவந்து நிறுத்திக் கீழே பார்த்தார். அந்த வெயிலில் சாம்பல் போர்வை நின்றது. அசையவில்லை. ஆனால் இன்று கைகளை உயர்த்தவுமில்லை, போர்வைக்குள்ளேயே வைத்திருந்தது. அதைக் கண்டு அவர் மகிழ்ந்தார் என்பதுதான் பின்னர் அவரால் தாங்க முடியாமற்போனது. களைத்துவிட்டது, மெல்ல மெல்ல என்னை விட்டு விலகுகிறது என்று எண்ணினார்.

"கீழ காலியா?"

"காலி. எறக்கு."

நெம்புகோலைத் தள்ளினார். கட்டு சீராக இறங்கியது. அது தரையை நெருங்கிக்கொண்டிருக்கையில் ஏதோ ஒரு பழக்கத்தால் விசில் வழக்கமாக நிற்கும் இடத்தை நோக்கினார். அங்கே சாரக் குழாயில் வாக்கிடாக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இருபதடி தள்ளி, தகரப் பீப்பாயின்மேல் இரு கைகளையும் விரித்து, முதுகைக் காட்டி நின்றிருந்தார் விசில்.

ஆபரேட்டர் நிறுத்தினார். கட்டு அந்தரத்தில் ஆடியது.

"விசில், பேசினது நீதானா?"

"நான்தான்டா. எறக்கு."

பீப்பாயின்மேல் விரிந்திருந்த கைகள் இரண்டும் அப்படியே இருந்தன.

மூன்று வாரங்களில் நூற்றுக்கணக்கான முறை கேட்டுக் கேட்டு, அந்தக் குரலை அவரது மூளை மனப்பாடம் செய்துவிட்டிருந்தது. அவர் வாக்கிடாக்கியின் குமிழைத் திருகி அணைத்தார். சிவப்பு விளக்கு அவிந்தது.

"எறக்குடா" என்றது விசிலின் குரல், காதோரத்தில், சலிப்போடு.

ஆபரேட்டர் அபாய ஒலிப்பானை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டார். இனி அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. ஒலி மட்டும் கேபினை நிறைத்து, எலும்புக்குள் இறங்கி, மற்றக் குரல்களையெல்லாம் மூழ்கடித்தது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. தரையிலுள்ள சதுரக் கதவு அதிர்ந்தபோதுதான் கண்ணைத் திறந்து கையை எடுத்தார்.

கதவு மேலே தூக்கப்பட்டது. விசிலின் தலைக்கவசம் தெரிந்தது, பிறகு முகம். ஏணி ஏறிய களைப்பில் வாய் பிளந்திருந்தது. வெண்மூச்சு குப்குப்பென்று வந்தது.

"ரேடியோவ ஏன்டா அணைச்ச?" என்றார். "கீழ வெல்டர்டா. வெயில் காயறேன்னு எவனோ போட்டிருந்த போர்வையப் போத்திக்கிட்டுக் கண்ண மூடி நின்னுட்டு இருந்திருக்கான். ஆறடி. அவன் தலைக்கு மேல ஆறடி. ஹாரன் கேட்டுத்தான் ஓடினான். ரெண்டு நிமிஷம், கை வெறச்சிப்போச்சேன்னு நெருப்புக்கிட்டப் போனேன். நீ கேட்டதே எனக்குக் கேக்கல. நான் காலின்னு சொல்லவே இல்லடா."

ஆபரேட்டர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். அதே புருவம், அதே குரல். கீழிருந்து சற்றுமுன் பேசியதும் இதே குரல்தான். வெல்டர் பிழைத்துவிட்டான் என்று இந்தக் குரல் சொல்கிறது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவர் எவ்வளவு விரும்பினாரோ, அவ்வளவு அதை நம்ப அஞ்சினார். அவருக்கு வேண்டியதைச் சொல்வதில் அந்தக் குரல் தேர்ந்துவிட்டிருந்தது. குனிந்து கண்ணாடித் தரை வழியே பார்க்கத் துணிவு வரவில்லை.

"ஏதாவது பேசுடா" என்றார் விசில்.

ஆபரேட்டர் இருக்கையிலிருந்து சரிந்து மண்டியிட்டு, அந்த முகத்தைத் தொட்டுப் பார்க்கத் தம் வெறுங்கையைக் கதவுத் துளையை நோக்கி நீட்டினார். நண்பகல் மாத்திரையின் வேளை கடந்துபோயிருந்தது. கை ஆடியது.

விசில் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஏணிக் கம்பியை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையின் உறையை விரல் நுனியில் பல்லால் கடித்து இழுக்கத் தொடங்கினார்.