காதுக்குள் ஒரு டிக் டிக்

கச்சிராயபாளையத்தில் ‘மணிமொழி சவுண்ட் சர்வீஸ்’ என்று போர்டு மாட்டி மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். பெயர் தீனதயாளன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள். போர்டில் பெயர் இருக்கிற என் மனைவி மணிமொழி அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவள் டிரம்ஸ் வாசிக்கிறவள். கல்யாண வீட்டு டிரம்ஸ் இல்லை. சென்னை, பெங்களூர் என்று மேடையேறும் ராக் பேண்டு. ஒருநாள் ஏதோ கச்சேரிக்கு டிரம்ஸ்காரன் வராமல் காலை வாரிவிட்டான். எனக்குத் துணையாக வந்திருந்தவள் குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. “பொம்பளைக்கி இன்னாத்துக்கு இந்தக் கூத்து?” என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாம் இப்போது அவள் வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு, எங்க வூட்டுப் பொண்ணு என்று காட்டுகிறார்கள். காட்டட்டும், எனக்கும் பெருமைதான்.

அவளுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் பெங்களூரில், மற்றவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டு அவளைத் தனியாக வாசிக்க விட்ட இடத்தில் கை அப்படியே நின்றுபோனது. தூக்கிய குச்சி தூக்கியபடியே இருந்தது. கிட்டார் வாசிக்கும் இளவரசன் சட்டென்று பாட்டை எடுத்துச் சமாளித்தான். அன்றிலிருந்து காதில் இயர்போன் இல்லாமல் அவள் டிரம்ஸ் முன்னால் உட்காருவதில்லை. அதில் பாட்டு வராது. தாளத்தின் வேகத்தைக் காட்டும் ‘டிக் டிக்’ மட்டும் கேட்கும். அது ஓடினால் அவள் கையும் ஓடும். மிக்சரிலிருந்து அந்த டிக் டிக்கை விடுவது என் வேலை.

இளவரசன் இப்போது ஒரு புதுப் பாட்டு கட்டியிருக்கிறான். நடுவில் டிரம்ஸ் மட்டும்தான். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், எல்லாம் அவள் இஷ்டம். அதனால் அந்த இடத்தில் டிக் டிக் உதவாது. “அக்கா, ரெக்கார்டிங்ல நீங்களே வாசிக்கிறீங்களா, இல்ல அந்த எடத்த மட்டும் மெஷின்ல போட்டுக்கலாங்களா?” என்று போனில் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“வெள்ளிமலை திருவிழாவுல வாசிச்சிப் பாக்கறேன்” என்றாள் இவள். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “அங்கயும் கை நின்னா வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடுவேன் மாமா. மெஷினுக்குப் பக்கத்துல ஒக்காந்துக்கினு நான் இன்னா பண்றது?”

“அச்சானியமா பேசாத” என்று அதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். கோமுகி அணையைத் தாண்டி வண்டி மலையேறியதும், ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து ‘டடக்... டக்... டடக்’ என்று சத்தம். சிம்பல் தட்டை மாட்டுகிற ஸ்டாண்டு கயிறு தளர்ந்து வண்டிப் பலகையில் இடித்துக்கொண்டிருந்தது. கட்டியது நான்தான் என்பதால் கயிறு கம்பெனிக்காரனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே வண்டியை ஓரம்கட்டப் போனேன்.

“உடு மாமா, நல்லாத்தான கீது.”

“இன்னா நல்லா கீது? ஸ்டாண்டு நெளிஞ்சா உங்கப்பனா வாங்கித் தருவாரு?”

“எங்கப்பா உனுக்கு மாமன்தான? நீயே கேட்டுப் பாரு.”

ஓரம்கட்டாமல் ஓட்டினேன். அவள் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிமலையில் வெயில் தாழ்ந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுற்றுப்பட்ட மலைக் கிராமத்து ஜனங்கள், கீழேயிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், பலாச்சுளை விற்கிறவர்கள் என்று மைதானம் கொள்ளவில்லை. மேடையேறும் முன் மணிமொழி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அந்த எடம் வந்ததும் டிக் டிக்க நிறுத்திடு. நான் முழிச்சாலும் போடாத. அழுதாலும் போடாத.”

“போட மாட்டன்.”

“எம்மேல சத்தியமா?”

“சத்தியம்டி, போ.”

முதல் பாட்டுகள் அமர்க்களமாகப் போயின. விசில் பறந்தது. பிறகு புதுப் பாட்டு. பாதியில் இளவரசன் கிட்டாரிலிருந்து கையை எடுத்தான், மற்றவர்களும் நிறுத்தினார்கள். நான் பட்டனை அமுக்கி டிக் டிக்கை நிறுத்தினேன்.

அவள் குச்சியைத் தூக்கினாள். தூக்கிய குச்சி அங்கேயே நின்றது.

எனக்கு உயிரே போனது. கூட்டத்தில் முன்வரிசையிலிருந்து பச்சைத் துண்டு போட்ட ஒருவர், “இன்னாம்மா, கரண்டு போயிடுச்சா?” என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளை அப்படியே தூக்கி அணையில் போட்டால் என்ன என்றிருந்தது. மணிமொழி திரும்பி என்னைப் பார்த்தாள்.

சத்தியமாவது ஒண்ணாவது! பட்டனைத் தட்டி டிக் டிக்கைப் போட்டுவிட்டேன்.

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தால் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் கோபப்படுகிற வேலை எல்லாம் என்னுடையது. அவள் முகத்தில் அதை அன்றுதான் பார்க்கிறேன். என்னை முறைத்துக்கொண்டே இயர்போனைப் பிடுங்கிக் கீழே விட்டாள். கண்ணை மூடினாள்.

டடக். கொஞ்சம் இடைவெளி. டக். மறுபடியும், டடக்.

அடிப்பாவி, என் வண்டி!

தளர்ந்த கயிறு, இடிக்கிற ஸ்டாண்டு, வளைவில் கியர் இறங்கி எஞ்சின் முனகுவது, எல்லாம் வந்தது. வேகம் குறைந்து குறைந்து, வண்டி நின்றே போகும் போலானது. “ஏறு, ஏறு!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அவள் ஏற்றினாள். இரண்டு கையும் இரண்டு காலும் எங்கே போகின்றன என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கரண்டு போய்விட்டதா என்று கேட்ட ஆசாமி துண்டைச் சுழற்றிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றார். இளவரசன் வாயைப் பிளந்து நின்றவன், அவள் தலையாட்டிக் கூப்பிட்ட பிறகுதான் கிட்டாரைத் தொட்டான்.

நான் அழுதுவிட்டேன். அங்கே மைக் செட்காரனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நன்றாகவே அழுதேன்.

எல்லாம் முடிந்து இறங்கி வந்தவள், என் கையிலிருந்த சோடாவைப் பிடுங்கிக் குடித்தாள்.

“சத்தியம் பண்ணியே நீ?”

“நீ ஏன் அப்பிடிப் பாத்த?”

“பயந்துதான் பாத்தேன். நீ டிக் டிக்கப் போட்டதும் கோவம் வந்துது. அப்பறம் உன் மூஞ்சியப் பாத்தா, என்னவிட நீதான் ஜாஸ்தி பயந்துக்கினு இருந்த. சரி, ரெண்டு பேருக்கும் எதுக்குப் பயம், அது மாமாகிட்டயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்.” சொல்லிவிட்டு, அவளே சிரித்தாள். “எளவரசன் மெஷின் வாணாம்னுட்டான். அடுத்த வாரம் ரெக்கார்டிங்.”

கூட்டம் கலைந்ததும் வயர்களைச் சுருட்டப் போனேன். மேடையில் அவள் ஸ்டூலுக்குக் கீழே இயர்போன் கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். டிக், டிக், டிக். நிறுத்த மறந்திருக்கிறேன். அவள் மலையேறி இறங்கிய நேரமெல்லாம் இது யாருக்கும் கேட்காமல் இங்கேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மிக்சருக்குப் போய் பட்டனை அமுக்கி நிறுத்தினேன்.

வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, ஸ்டாண்டைக் கட்டக் கயிற்றை எடுத்தேன். முன்சீட்டிலிருந்து மணிமொழி எட்டிப் பார்த்தாள்.

“மாமா, ரொம்ப இறுக்கிடாத.”

ஸ்டாண்டு நெளிந்தால் நெளியட்டும் என்று, கயிற்றைத் தளர்த்தியே கட்டினேன்.