மிதித்த காற்று

ஜன்னல் வழியாக வந்த கறுப்பு ஒயரைப் பெரியவர் முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார். மறுமுனையை அடுத்த வீட்டுத் தையல்காரர் பிளக்கிலிருந்து உருவி மதில்மேல் போட்டிருந்தார்.

"அத்தான், இப்ப எதுக்கு அது? ஜனங்க வர்ற நேரம்" என்றாள் தம்பி மனைவி.

"ஜனங்க வர்றதுனாலதாம்மா. அவன் வாய் மூடிட்டா, அவன் சொன்ன சொல்லும் மூடிருமா?"

காலையில் செய்தித்தாளை மடியில் வைத்தபடியே தம்பி போய்விட்டான். எழுபத்திரண்டு வயது. நோகாமலும் நோகடிக்காமலும் வந்த சாவு. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவனுடைய சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். ஓய்வுபெற்றதும் கூடத்து ஓரத்தில் பழைய சைக்கிள் ஒன்றை நிறுத்தி, பின்சக்கரத்தைப் பெல்ட்டால் டைனமோவோடு பூட்டினான். மிதித்தால் பேட்டரி ஏறும். இரண்டு விளக்கு, ஒரு விசிறி, ஒரு ரேடியோ, அவ்வளவுதான் வீடு. ஆளுக்கு அரைமணி மிதிக்க வேண்டும்; விருந்தாளிக்கும் விலக்கில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த பெரியவர் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. "செக்குமாட்டு வேலை நம்ம குடும்பத்துக்கு ஆகாது" என்பார். தம்பி சிரித்துக்கொண்டே, அவர் சாப்பிடும் பக்கத்து விளக்கை மட்டும் அணைத்துவிடுவான்.

தம்பி எழுதிக் கொடுத்தபடி மின் இணைப்பைத் துண்டிக்க வந்த லைன்மேன் கம்பத்திலிருந்தே கத்தியது தெருவுக்கே தெரியும். "கடைசியில உன் தலைமாட்டு ஃபேனுக்காவது எங்க கரண்ட்டுக்குத்தான்யா வரணும்!"

"அதுவும் எங்க வீட்டுக் காலுலதான்யா சுத்தும்!" என்றான் தம்பி கீழிருந்து. அன்று முதல் இருவரும் இணைபிரியாத சிநேகிதர்கள்.

மூன்று மாதமாகத் தம்பிக்குக் கால் எழவில்லை. மனைவிக்கு முழங்கால் தேய்மானம். பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு நிறைமாதம். பேட்டரியை ஏற்ற, தையல்காரர் வீட்டு ஒயர் அவனிடம் சொல்லாமல் வந்தது. பெரியவர் பார்த்தும் பார்க்காதவராக இருந்துவிட்டார்.

ஒயர் பரண் ஏறவும் லைன்மேன் உள்ளே வரவும் சரியாக இருந்தது. சிநேகிதன் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிறியைப் பார்த்தார்.

"சொன்னபடி சுத்த வச்சிட்டான் பாருங்க. யாரும்மா மிதிச்சது?"

தம்பி மனைவி பெரியவரைப் பார்த்தாள். வந்தவர்களும் பார்த்தார்கள்.

"இன்னும் யாரும் மிதிக்கல" என்றார் பெரியவர். "இப்பத்தான் மிதிக்கப் போறேன். ஏம்மா, பேட்டரியைக் கழட்டிட்டு ஃபேனை நேரா டைனமோவுல மாட்டு."

தம்பி மகள் கம்பியை மாற்றினாள். விசிறி நின்றது.

பெரியவர் கால்சட்டை ஓரத்தை மடித்துக் காலுறைக்குள் செருகினார். முதுகு வளையாமல் ஏறி உட்கார்ந்தார். கால் பெடலில் கச்சிதமாகப் பதிந்தது. அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தம்பி அவரைவிட ஒரு சாண் குள்ளம்.

"சீட்டை யாரு ஒசத்தினது?"

மகள் கிட்டே வந்து அவர் காதோடு சொன்னாள். "அப்பாதான் பெரியப்பா. போன வாரம். ஸ்பேனர் பிடிக்க முடியாம என்னைத் திருகச் சொன்னாரு. 'நான் போனா எங்கண்ணன் மொதல்ல அந்த ஒயரைத்தான் இழுப்பான், அப்புறம் இதுல ஏறுவான்'னாரு."

பெரியவர் ஹேண்டில்பாரைப் பிடித்தார். மிதித்தார். பெல்ட் முனகியது. விசிறி ஒருமுறை தயங்கி, பிறகு பிடித்துக்கொண்டது. நெற்றி வியர்த்தது. துடைக்கக் கையை எடுக்காமல் மிதித்தார்.

"மெதுவா சார்" என்றார் லைன்மேன். "அவனுக்கு ஜலதோஷம் பிடிச்சிரப் போவுது."

யாரோ சிரித்தார்கள். தம்பி மனைவியும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

தம்பியின் நெற்றியில் கிடந்த நரைமுடி ஒன்று எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது.